ஆகாஷ் கைக்கணினி

2011-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் புதுதில்லியில் ஒரு விழா நடைபெற்றது. அன்று நடுவணரசில் மனிதவள மேம்பாட்டுத்துறை அமைச்சராக விளங்கிய கபில் சிபல், சிறு பிள்ளைகள் எழுதிப் பழகும் சிலேட்டை ஒத்த கருவி ஒன்றை அவையோர்க்கு எடுத்துக் காட்டினார். டேப்லெட் என்று மக்கள் வழங்கும் கைக்கணினியே அது. வானம் எனப் பொருள்படும் 'ஆகாஷ்' என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. விழாவிற்கு வந்திருந்த மாணவர் ஏறத்தாழ 500 பேருக்கு அக்கருவி அங்கேயே வழங்கவும் பட்டது. உலகிலேயே விலை மிகக் குறைந்த கைக்கணினி இதுவே என்று விழாவிற் பேசினோர் பெருமிதம் கொண்டனர்.

அப்பெருமிதத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் விற்ற ஐபேடு கைக்கணினியின் தொடக்க விலை அமெரிக்க நாட்டில் 499 டாலர். ஆகாஷ் கருவியை அரசு வாங்கிய விலையோ 49.98 டாலர், அன்றைய நாணய மதிப்பில் ஏறத்தாழ 2,250 ரூபாய். பத்தில் ஒரு பங்கு விலை! அதிலும் ஒரு பகுதியை அரசே ஏற்றுக்கொண்டு, எஞ்சியதை மட்டும் மாணவரிடம் பெறுவது என்பது திட்டம். நாட்கூலி பெற்று வாழும் குடும்பத்தில் பிறந்து கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதிக்கும் ஒரு மாணவனுக்கு இச்செய்தி எத்தகைய நம்பிக்கையை அளித்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம். நூலகத்தில் ஒரே படியாக உள்ள நூலுக்குக் காத்துக் கிடப்பவனுக்கு, நூறு நூல்களைத் தன் பையில் இட்டுச் செல்லலாம் என்பது சிறிய பேறு அன்று. ஆதலின், அக்கருவி நன்கு இயங்கிற்றா இல்லையா என்பது வெறும் வாணிகக் கேள்வி அன்று. ஏழை மாணவன் கையில் கொடுக்கப்பெற்ற பொருள் அவனுக்குத் துணையாயிற்றா, சுமையாயிற்றா என்பதே கேள்வி.

ஆகாஷ் திடீரெனத் தோன்றியது அன்று. 2005-ஆம் ஆண்டில் நிக்கோலசு நெக்ரோபாண்டி என்னும் அமெரிக்க அறிஞர், உலகில் உள்ள ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவர்க்கும் 100 டாலர் விலையில் ஒரு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தில் சேர இந்திய அரசு 2006-ஆம் ஆண்டில் மறுத்துவிட்டது. பின்னர், தானே அதனினும் மலிவான கருவி ஒன்றை ஆக்க முனைந்தது. 2010-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 35 டாலர் கருவி ஒன்றின் மாதிரியைக் கபில் சிபல் வெளியிட்டார். இராசசுத்தான் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகாஷ் பணியில் துணைநின்றது. டேட்டாவிண்ட் என்னும் நிறுவனம் ஒரு நூறாயிரம் கருவிகளை ஆக்கித்தர ஒப்பந்தம் பெற்றது.

இவ்வரலாற்றில் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். பொதுவாக ஒரு பொருள் எதற்குப் பயன்பட வேண்டும் என்று முதலில் எண்ணுவர். அதற்கு வேண்டும் உறுப்புகளைத் தெரிவர். பின்னரே விலை கணிப்பர். ஈண்டோ முதலில் அறிவிக்கப்பட்டது விலை. அவ்விலைக்குள் அடங்குமாறு கருவியை ஆக்க வேண்டியதாயிற்று. வீட்டிற்கு இவ்வளவு பணந்தான் என்று கூறிவிட்டு, எத்தனை பேர் அதில் வாழப்போகின்றனர் என்பதைப் பின்னர்க் கூறினால் கொத்தனார் என்ன செய்வார்? எதையேனும் குறைத்துத்தான் ஆகவேண்டும். குறைப்பதில் தவறில்லை, எதைக் குறைத்தார்கள் என்பதில்தான் ஆகாஷின் கதை முழுவதும் அடங்கியுள்ளது.

குறைக்காமல் வைத்தவற்றை முதற்கண் கூறுவதே முறை. கருவியின் எடை ஏறத்தாழ 350 கிராம். திரையின் குறுக்களவு 7 அங்குலம். கம்பியின்றி இணையத்தோடு தொடர்பு கொள்ள வைஃபை வசதி இருந்தது. விரலியையும் விசைப்பலகையையும் செருகுதற்கு இரண்டு யூ.எஸ்.பி. துளைகள் இருந்தன. பத்து மடங்கு விலை கொண்ட ஐபேடில் அத்தகைய துளை ஒன்றேனும் இல்லை என்பது வியப்பு. கருவிக்குள் அமைந்த சேமிப்பு இடம் 2 ஜி.பி. மட்டுமே, ஆயினும் 32 ஜி.பி. வரை கொள்ளும் நினைவு அட்டையைத் தனியே செருகிக்கொள்ளலாம். இணைய வசதியில்லாத சிற்றூரில் ஆசிரியர் ஒருவர் தம் விரலியில் இட்டுவந்த பாடங்களை மாணவர் அனைவர் கருவியிலும் ஏற்றிவிட இயலும். கல்வி நோக்கில் இஃது உண்மையான நன்மையே ஆகும்.

இனி, குறைத்தவற்றைக் காண்போம். அவற்றுள் தலையாயது தொடுதிரை.

தொடுதிரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை அழுத்தத்தால் இயங்குவது. அதில் மின்சாரம் கடத்தும் மெல்லிய ஒளிபுகு பூச்சினைக் கொண்ட இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையே நுண்ணிய இடைவெளியுடன் அமைக்கப்பட்டிருக்கும். மேல்தகடு வளையும் தன்மையது. விரலால் அழுத்தும்பொழுது அது வளைந்து கீழ்த்தகட்டைத் தொடும். தொட்ட இடத்தில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து, விரல் எங்கே பட்டது என்பதைக் கருவி கணித்துக்கொள்ளும். மற்றொரு வகை மின்னேற்றத்தால் இயங்குவது. மனித உடல் மின்சாரம் கடத்துவதாகலின், விரல் கண்ணாடியை அணுகியவுடன் அவ்விடத்தின் மின்னேற்றம் சிறிது மாறும். அம்மாற்றத்தைக் கருவி உணரும். இங்கே அழுத்துதல் வேண்டா. மெல்லத் தொட்டாலே போதும்.

ஆகாஷின் முதற் கருவியில் அமைந்தது அழுத்தத் திரை. அதனை முற்றிலும் இகழ்தலும் முறையன்று. அதன் விலை குறைவு. நகத்தாலும், மூடிய பேனா முனையாலும் அதில் எழுதலாம். கையுறை அணிந்தும் இயக்கலாம். அதனால் பணம் பெறும் பொறிகளிலும் தொழிற்சாலைக் கருவிகளிலும் அவ்வகைத் திரை நெடுங்காலம் நன்கு பணியாற்றி வந்துள்ளது. ஒரு நாளைக்கு நாற்பது முறை பொத்தானை அழுத்தும் வேலைக்கு அது போதும். ஆனால், படிப்பு அத்தகைய வேலை அன்று. நூலின் பக்கத்தைத் தள்ளுதல், எழுத்தைப் பெரிதாக்குதல், சொல்லைத் தேடுதல் என நொடிக்கு நொடி விரல் திரைமேல் இயங்கிக்கொண்டே இருக்கும். அழுத்தினாலன்றிப் பக்கம் நகராது எனின் விரலும் களைக்கும், உள்ளமும் களைக்கும். இருவிரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கும் பழக்கம் அன்றே உலகெங்கும் பரவியிருந்தது. அதற்கும் அத்திரை இடந்தரவில்லை. மேலும், அடியிலிருந்து வரும் ஒளி இரண்டு தகடுகளைக் கடந்து வரவேண்டியிருத்தலின், சிறிது மங்கியே கண்ணை அடைந்தது. வெயிலில் அமர்ந்து படிக்க முயன்றவர்க்குத் தம் முகமே திரையில் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அடுத்தது வேகம். கருவியின் மூளையாகிய செயலி 366 மெகாஹெர்ட்ஸ் வேகம் உடையது. நினைவகம் 256 எம்.பி. நினைவகம் என்பது படிப்பவனுடைய மேசை போன்றது. சேமிப்பகம் அவனுடைய அலமாரி. அலமாரி பெரிதாக இருந்தும் மேசை சிறிதாயின், ஒரு நூலை விரிக்க மற்றொரு நூலை மூடி உள்ளே வைக்க வேண்டும். நினைவு அட்டையால் ஆகாஷின் அலமாரியை விரிவாக்கலாம். மேசையை விரிவாக்க வழியில்லை. மாணவன் ஒருவன் பாடத்தைப் படித்துக்கொண்டே அகராதியைத் திறந்து ஒரு சொல்லுக்குப் பொருள் காண விரும்பினால், கருவி தயங்கித் தயங்கியே அதற்கு இசைந்தது. ஐயம் எழுந்தவுடன் தீர்வதற்கும், எழுந்த ஐயம் மறந்தபின் விடை வருவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் எவரும் அறிவர்.

மின்கலமோ ஏறத்தாழ மூன்று மணி நேரம் உழைக்கும் என்பது ஆக்கியோர் கூறிய கணக்கு. கல்லூரி காலை பத்து மணிக்குத் தொடங்குகின்றது எனக் கொண்டால், பகலுணவு வேளையிலேயே அக்கருவியும் பசியெடுத்துக் கிடக்கும். வகுப்பறையில் அறுபது மாணவர் இருக்க, மின்செருகிகள் இரண்டே இருக்கும் நாட்டில் இது சிறிய குறை அன்று. மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகள் அவை என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு மற்றுமோர் இடர் இருந்தது. அக்கருவியில் அமைந்தது ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் 2.2-ஆம் பதிப்பு. அப்பதிப்பில் தமிழ் எழுத்துருவே இல்லை. அப்பதிப்பு இயங்கிய பல கருவிகளில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால், எழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களே தோன்றின. உயிர்மெய்யில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து நிற்றல் வேண்டும். புள்ளி மெய்யின் தலைமேல் ஏறுதல் வேண்டும். எழுத்துருவைத் தேடிச் சேர்த்தாலும் இவ்வொழுங்கு தானே அமைந்துவிடுவதில்லை. அதற்கு இயங்குதளமும் துணைசெய்ய வேண்டும். ஆங்கிலம் அறியாத ஏழை மாணவர்க்குக் கல்வியைக் கொண்டு செல்வதே நோக்கம் என்று கூறப்பட்ட ஒரு கருவியில் தாய்மொழி வெறுங்கட்டமாய் நிற்பது எத்துணைப் பெரிய முரண்! இக்குறையை நீக்கப் பணம் மிகுதியாக வேண்டியதில்லை என்பதும் கருதத்தக்கது. அதற்கு வேண்டியிருந்தது கவனமே.

இக்குறைகளை எல்லாம் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். துளைகள் எத்தனை, வைஃபை உண்டா, அட்டை செருகலாமா என்பன விளம்பரத் தாளில் எழுதுவதற்கு எளியவை. திரை எவ்வாறு கைக்கு இசைகின்றது, எத்தனை நொடி காக்க வைக்கின்றது, மாலைவரை உயிரோடு இருக்கின்றதா என்பன கையில் எடுத்து ஒரு வாரம் பழகினாலன்றித் தெரியாதவை. ஆகாஷில் முன்னவை காக்கப்பட்டன, பின்னவை வெட்டப்பட்டன. படிப்புக்கு இன்றியமையாதவை பின்னவையே ஆகும்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு என்பதற்கு நெக்ரோபாண்டியின் மடிக்கணினியே சான்று. 2007-ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற அக்கருவியின் செயலி 433 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் அதே 256 எம்.பி.; சேமிப்பிடம் 1 ஜி.பி. இவ்வளவில் அது ஆகாஷினும் சிறந்தது என்று கூறுதற்கில்லை. ஆயின், அதன் திரையில் தனிக் கருத்துச் செலுத்தப்பட்டது. மேரி லூ செப்சன் என்னும் பொறியியல் அறிஞர் அமைத்த அத்திரை, நிழலில் வண்ணத்துடன் ஒளிரும். வெயிலில் கொண்டு சென்றாலோ, ஞாயிற்றின் ஒளியையே துணையாகக் கொண்டு கருப்பு வெள்ளையில் அச்சிட்ட தாள் போலத் தெளிவாகத் தோன்றும். மரத்தடியில் அமர்ந்து படிக்கும் குழந்தைகளை மனத்திற் கொண்டு செய்த வேலை அது. தூசியும் நீரும் எளிதிற் புகாதவாறு விசைப்பலகை முழுவதும் ரப்பர் உறையால் மூடப்பட்டிருந்தது. வேகத்திற் சிக்கனம் செய்தனர். கண்ணுக்கும் கைக்கும் வேண்டியதில் சிக்கனம் செய்யவில்லை.

ஆனால், நடுவுநிலை பிறழாது கூறின், அதற்கும் ஒரு விலை இருந்தது. 100 டாலர் என்று அறிவிக்கப்பட்ட அம்மடிக்கணினி ஒருநாளும் அவ்விலைக்கு வரவில்லை; 200 டாலரை ஒட்டியே நின்றது. ஒரு மடிக்கணினிக்கு ஈடாக ஏறத்தாழ நான்கு ஆகாஷ் கருவிகள் வாங்கலாம். உருகுவே போன்ற சிறிய நாடு ஒன்று 2009-ஆம் ஆண்டிற்குள் தன் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அனைவர்க்கும், மூன்று நூறாயிரத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையில், அதை வழங்க முடிந்தது. கோடிக்கணக்கான மாணவரைக் கொண்ட இந்தியாவில் அவ்விலை எளிதாகத் தாங்கக்கூடியதன்று. ஆகவே மலிவை நாடிய இந்திய அரசின் எண்ணத்தைப் பழித்தல் பொருந்தாது.

கருவியை ஆக்கியவர்க்கும் அதனை ஆய்ந்த கல்விக் கழகத்தார்க்கும் இடையே பிணக்கும் எழுந்தது. மழையிலும் வெப்பத்திலும், கீழே விழுந்த நிலையிலும் கருவி தாங்க வேண்டும் என்று கழகத்தார் கடுமையான தேர்வுகளை வற்புறுத்தினர். இவ்விலையில் அத்தகைய உறுதியை எதிர்பார்த்தல் முறையன்று என்பது நிறுவனத்தின் மறுமொழி. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றே தோன்றுகின்றது. மாணவன் மிதிவண்டியில் பை நனையச் செல்பவன். அவன் கருவி நனையாமல் இராது. ஆயினும், படைவீரர் கருவிக்குரிய உறுதியை 50 டாலருக்குள் அடக்குதல் எவர்க்கும் அரிது. விலையை அறிவிப்பதற்கு முன்னரே பேசி முடித்திருக்க வேண்டிய செய்தி இது.

முடிவில் அப்பணி பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டது. 2012-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்சி இரண்டாம் ஆகாஷை வெளியிட்டார். அழுத்தத் திரை நீங்கி, மின்னேற்றத் திரை வந்தது. செயலியின் வேகம் 1 கிகாஹெர்ட்ஸ் ஆயிற்று. நினைவகம் 512 எம்.பி. ஆகவும், சேமிப்பிடம் 4 ஜி.பி. ஆகவும் இருமடங்காயின. இயங்குதளமும் 4.0 பதிப்பாக உயர்ந்தது. விலையோ ஏறத்தாழ முன்னைய விலையே! ஓராண்டு கழிந்தது, அதற்குள் உறுப்புகளின் விலை சரிந்தது. முதற் கருவியில் எதிர்ப்பட்ட குறைகளுட் பல, பொறுமையாக ஓராண்டு காத்திருந்தால் நேர்ந்திரா என்பது இதனால் விளங்கும். பம்பாய்க் கழகத்தார் இக்கருவிகளைப் பொறியியற் கல்லூரி ஆசிரியர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். பயிற்றுவிப்போர் கையில் முதலில் கொடுத்தது நல்ல முறையே. எனினும், முதற் கருவியைப் பற்றிப் பரவிய குறைமொழி இரண்டாவதையும் விடவில்லை. சந்தையில் வேறு நிறுவனங்களின் மலிவான கைக்கணினிகளும் மலிந்தன. 2015-ஆம் ஆண்டில் ஆகாஷ் திட்டம் முற்றுப்பெற்றது.

அதே 2015-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமேசான் நிறுவனம் 'ஃபயர்' என்னும் கைக்கணினியை அமெரிக்காவில் வெளியிட்டது. அதன் விலை 49.99 டாலர். முதல் ஆகாஷை அரசு வாங்கிய விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு செண்டு! திரையின் அளவும் அதே 7 அங்குலம். ஆனால் நினைவகம் 1 ஜி.பி.; சேமிப்பிடம் 8 ஜி.பி.; மின்கலம் ஏழு மணி நேரம் உழைக்கும் என்று கூறப்பட்டது. பக்கவாட்டிலிருந்து நோக்கினும் எழுத்து மங்காத திரை அமைந்திருந்தது. ஐந்து கருவிகள் வாங்கினால் ஆறாவது இலவசம் என்று, ஏதோ காய்கறி விற்பது போலவும் விற்றனர்.

இவ்வளவு நிறைகளை அவ்விலைக்கு எவ்வாறு தர முடிந்தது? நான்கு ஆண்டுகளில் உறுப்புகளின் விலை குறைந்தது ஒரு காரணம். அது மட்டும் அன்று. தம் கருவிகளை ஆக்கும் செலவுக்கே விற்பதாகவும், மக்கள் அவற்றைப் பயன்படுத்தும்பொழுதே தமக்கு ஊதியம் கிடைப்பதாகவும் அந்நிறுவனத் தலைவர் செஃப் பெசோசு 2012-ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாகக் கூறியிருந்தார். நூலும் இசையும் திரைப்படமும் அவர் கடையிலேயே வாங்கப்படும் என்பது எதிர்பார்ப்பு. கூகுள் நிறுவனத்தின் கடை அக்கருவியில் அமைக்கப்படவில்லை; அமேசானின் சொந்தக் கடையே அமைக்கப்பட்டிருந்தது. இங்கே குறைக்கப்பட்டது திரையும் அன்று, வேகமும் அன்று. எந்தக் கடையில் வாங்குவது என்னும் விருப்பமே குறைக்கப்பட்டது. ஆகாஷின் குறைகள் கையில் எடுத்த அன்றே தெரிந்துவிட்டன. இக்குறையை உணரச் சில திங்கள் ஆகும். படிப்பதற்கு மட்டும் பயன்படுத்தும் மாணவனுக்கு இது பெரிய இழப்பு அன்று என்பாரும் உளர். பள்ளி விரும்பும் மென்பொருள் அக்கடையில் இல்லாத நாளில்தான் அதன் அருமை தெரியும்.

அன்றியும், உறங்கும் அக்கருவியை எழுப்பும்பொழுதெல்லாம் திரையில் முதலில் தோன்றுவது ஒரு விளம்பரம். காலையில் பாடம் படிக்கத் திறக்கும் சிறுவனும் அதைக் கண்ட பின்னரே உள்ளே செல்லவேண்டும். அவ்விளம்பரம் வேண்டாதவர்க்கும் அந்நிறுவனம் ஒரு வழி வைத்திருந்தது. அவர்கள் அதே கருவிக்கு 15 டாலர் கூடுதலாக, 64.99 டாலர் செலுத்த வேண்டியிருந்தது.